பூச்சிப் புத்தகம் பழசாகிவிடவில்லை

கையில் போன் இருக்கிறது, படம் எடுத்தால் பெயர் வந்துவிடுகிறது, இதற்கு மேல் புத்தகத்தைச் சுமந்துகொண்டு அலைவானேன் என்கிறார்கள். மலேசியாவின் உலு சிலாங்கூரில் உள்ள புக்கிட் பெருந்துங்கிலும் அதைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளிலும் பூச்சிகளில் ஆர்வமுள்ள எவரிடம் பேசினாலும் பேச்சு இங்கே வந்து நிற்கிறது. ஆசிரியர்கள் சொல்கிறார்கள், பெற்றோர் சொல்கிறார்கள், வார இறுதியில் கேமராவோடு கிளம்பும் இளைஞர்களும் சொல்கிறார்கள். கேள்வியாகக்கூட அதைக் கேட்பதில்லை, முடிந்துபோன தீர்ப்பாகவே சொல்கிறார்கள். கள வழிகாட்டி நூல்களின் காலம் போய்விட்டதாம், இனி அவை அலமாரிக்குத்தானாம். இந்தத் தீர்ப்பு தவறு. ஒரு பூச்சியை அடையாளம் காண்பது என்றால் என்ன என்பதையே அது மறந்துவிட்டது. இதைச் சொல்பவர்கள் நிற்கும் மண்ணின் வரலாறே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

நியாயமாகச் சொல்லவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். செயலிகள் பெரிய காரியம் செய்திருக்கின்றன. 2008இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட், 2017இலிருந்து படத்தைப் பார்த்துப் பெயரைப் பரிந்துரைக்கவும் கற்றுக்கொண்டது. இரவில் வாசல் விளக்குக்கு வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும் அட்லஸ் அந்துப்பூச்சியைக் காட்டினால் உடனே சரியாகச் சொல்லிவிடும். அவ்வளவு பெரிய உருவம், பாம்புத் தலை போன்ற அந்தச் சிறகு நுனி, குழம்ப இடமே இல்லை. பூச்சியைக் கண்டதும் செருப்பைத் தேடிய பிள்ளைகள் இப்போது போனைத் தேடுகிறார்கள் என்றால் அதற்கே அந்தச் செயலிகளுக்கு நன்றி சொல்லலாம். செயலி வந்துவிட்டதால் புத்தகம் வேண்டாம் என்ற முடிவுக்குத்தான் என் மறுப்பு.

பெயர் வருவதும் பூச்சியை அடையாளம் காண்பதும் ஒன்றே என்று நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. இது இன்ன பூச்சி என்று சொல்லும் தகுதி, அது ஏன் இன்னொன்றாக இருக்க முடியாது என்றும் சொல்லத் தெரிந்தவருக்கே உண்டு. நல்ல கள வழிகாட்டி இதைத்தான் பழக்குகிறது. பக்கத்தைத் திறந்தால் ஒன்றைப்போல் ஒன்று தோன்றும் நான்கைந்து பூச்சிகள் அருகருகே நிற்கும். 1934இல் அமெரிக்காவில் ரோஜர் டோரி பீட்டர்சன் வெளியிட்ட பறவை வழிகாட்டி, எந்த இடத்தைப் பார்த்தால் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு பறவைகள் பிரியும் என்பதைப் படத்தின் மேலேயே சிறு கோடு இழுத்துக் காட்டியது. பின்னால் வந்த பல வழிகாட்டிகள் அந்த வழியைப் பின்பற்றின. வண்டின் உணர்கொம்பு எப்படி முடிகிறது, தட்டானின் இறக்கையில் எந்த நரம்பு எங்கே திரும்புகிறது, நாவாய்ப்பூச்சியின் உறிஞ்சுகுழல் நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பூச்சி வழிகாட்டி கேட்கும். பதில் சொல்ல நாம் மறுபடியும் பூச்சியிடம் போகவேண்டும், குனிய வேண்டும், ஓலையைத் திருப்ப வேண்டும், அது அசையும்வரை காத்திருக்க வேண்டும். செயலி படத்தை வாங்கிக்கொண்டு பெயரைக் கொடுக்கிறது. எதைப் பார்த்து அப்படிச் சொன்னது என்பதை அது சொல்வதில்லை. அதனால் அதே பூச்சி நூறாவது முறை வந்தாலும் நாம் முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்கிறோம்.

இரண்டு பூச்சிகளுக்கிடையே உள்ள சின்ன வேறுபாட்டைத் தேடுவது வேலையற்றவர்களின் நுணுக்கம் என்று கருதுபவர்கள் சிலாங்கூர்த் தோட்டங்களின் கதையைக் கொஞ்சம் கேட்கட்டும். 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ், அனோபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1901இல் கிள்ளானில் அரசு மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் அந்த அறிவை மண்ணில் இறக்கினார். சதுப்பை வடித்தார், புதரை வெட்டச் செய்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. காட்டை வெட்டி நீரை வடித்தால் மலேரியா போய்விடும் என்று பாடம் தெளிவாகிவிட்டதுபோல் இருந்தது. அதே பாடத்தோடு மேட்டுநிலத் தோட்டங்களுக்குப் போனபோது நடந்தது நேர்மாறு. பள்ளத்தாக்குக் காட்டை வெட்டிய பிறகுதான் அங்கே காய்ச்சல் ஏறியது. கப்பலில் வந்து இறங்கிய நம் முன்னோர்கள் லயத்து வீடுகளில் அடுத்தடுத்து விழுந்தார்கள்.

காரணம் கொசுவில் இருந்தது. கடலோரச் சமவெளியில் நோயைப் பரப்பியது அனோபிலிஸ் அம்ப்ரோசஸ். அது நிழல் படிந்த சதுப்பு நீரில் முட்டையிடும். மேட்டில் பரப்பியது அனோபிலிஸ் மாகுலேட்டஸ். அது வெயில் விழும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடும். நிழலை அகற்றினால் முன்னது அழியும், பின்னது பெருகும். இரண்டும் அனோபிலிஸ்தான், இரண்டும் வாலைத் தூக்கிச் சாய்ந்தே உட்காரும். மாகுலேட்டஸின் கால்களில் வெள்ளைப் புள்ளிகளும் பின்னங்கால் நுனியில் வெள்ளையும் இருப்பதைப் பார்த்துப் பிரிக்க ஒருவருக்குக் கண் பழகியிருக்க வேண்டும். பிரித்த பிறகுதான் மேட்டுத் தோட்டங்களுக்கு வேறு வைத்தியம் வந்தது. ஓடைகளில் எண்ணெய் தெளித்தார்கள், நீரை நிலத்தடிக் குழாய்களில் விட்டார்கள். கோலசிலாங்கூர் கடற்கரையிலிருந்து கிழக்கே புக்கிட் பெருந்துங் மேடுகளுக்கு வண்டியில் வருபவர், அந்த இரண்டு கொசுக்களின் பழைய ஆட்சிப்பகுதிகளையும் ஒரே பயணத்தில் கடக்கிறார். அனோபிலிஸ் என்ற பெயர் கிடைத்துவிட்டது, அது போதும் என்று அன்று விட்டிருந்தால் இங்கே பிழைத்தவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்?

இன்னொன்று இன்னும் பக்கத்தில் நடந்தது. மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது 1917இல், கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோகொனியே என்ற பிரெஞ்சுக்காரர். அதன் பிறகு அறுபது ஆண்டுகளாக, செம்பனையின் மகரந்தத்தைக் காற்றுதான் சுமக்கிறது என்பதே பரவலான நம்பிக்கையாக இருந்தது. காய் சரியாகப் பிடிக்காத இடங்களில், மகரந்தத்தைச் சேகரித்து டால்க் பவுடரோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண்பூவின் மேல் ஊதும் வேலைக்கு ஆட்களை வைத்தார்கள். அந்த வேலையில் நம் பெண்கள் வியர்வை சிந்தியிருக்கிறார்கள். 1970களின் பிற்பகுதியில் ரஹ்மான் சையது என்ற பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் செம்பனையின் தாயகமான மேற்கு ஆப்பிரிக்கப் பகுதியில், கேமரூனில், பூவின் அருகில் நின்று பார்த்தார். பூ முழுக்கக் கூன்வண்டுகள். எல்லாம் சில மில்லிமீட்டர் நீளம், மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்று. அவர் அவற்றை இனம் இனமாகப் பிரித்தார். எது எவ்வளவு மகரந்தம் சுமக்கிறது, எது மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும் தாக்குப்பிடிக்கிறது என்று ஒப்பிட்டு, எலெய்டோபியஸ் கமரூனிகஸ் என்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். 1981 பிப்ரவரியில் ஜொகூர், குளுவாங் வட்டாரத் தோட்டத்தில் அது விடப்பட்டது. காய்ப்பிடிப்பு கூடியது, கையால் ஊதும் வேலையே இல்லாமல் போனது. இன்றும் செம்பனையின் ஆண்பூவைத் தட்டினால் உள்ளங்கையில் உதிரும் சிறு வண்டுகள் அன்று வந்தவற்றின் வம்சம். தோட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது, பூச்சி பார்ப்பதென்றால் தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்பவர்கள் ஒருமுறை அந்தப் பூவைத் தட்டிப் பார்க்கலாம். ஒரு நாட்டின் பெருந்தொழில் அந்த வண்டின் முதுகில் நிற்கிறது.

செம்பனை ஓலையில் இலைத்துணுக்குகளைக் கோத்துப் பை செய்து அதற்குள்ளேயே வாழும் புழுவைத் தோட்டத்தில் உலாட் புங்குஸ் என்பார்கள். செயலியும் பைப்புழு என்று குடும்பப் பெயரைச் சொல்லும், அதில் தவறு இல்லை. ஆனால் இங்கே மூன்று வகைகள் முக்கியம். மெட்டிசா பிளானாவின் பை குட்டையான கொக்கிபோன்ற காம்பில் ஓலையடியில் பிடித்திருக்கும். டெரோமா பெண்டுலாவின் சிறிய பை நீளமான மெல்லிய நூலில் தொங்கும். மஹசேனா கார்பெட்டியின் பை மிகப் பெரியது, இலைத்துண்டுகள் ஒழுங்கில்லாமல் துருத்திக்கொண்டிருக்கும். ஒரு மட்டையில் மஹசேனா சிலவே இருந்தாலும் கவலைப்பட வேண்டும், சின்ன டெரோமா பல மடங்கு இருந்தால்தான் மருந்தைப் பற்றியே யோசிக்க வேண்டும். மருந்து அடிப்பதா வேண்டாமா என்ற முடிவு தோட்டத்தில் யாருடைய நுரையீரலுக்குள் போய்ச் சேர்கிறது என்பது நமக்குத் தெரியும். மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலையைப் பற்றி 2002இல் தெனாகனித்தா அமைப்பு ஓர் ஆய்வறிக்கையே வெளியிட்டது.

அதோடு முடியவில்லை. 1950களிலும் 60களிலும் இந்நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் பைப்புழு அலை அலையாகப் பெருகியதற்குக் காரணம், எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்துகளைக் கண்டபடி அடித்ததுதான் என்று பூச்சியியலாளர் பிரையன் வுட் காட்டினார். மருந்து புழுவைக் கொன்றதைவிடப் புழுவைத் தின்னும் குளவிகளையும் வேட்டை நாவாய்ப்பூச்சிகளையும் கூடுதலாகக் கொன்றது. செம்பனைப் பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1968இல் வெளிவந்தது. நண்பனைப் பகைவனிலிருந்து பிரிக்கத் தெரியாததால் ஒரு தொழில் தன் காலையே வெட்டிக்கொண்ட கதை அது. சைக்கானஸ் டைகொட்டோமஸ் என்ற கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த வேட்டை நாவாய்ப்பூச்சியை இன்றும் பயிர்ச்சாறு உறிஞ்சும் பூச்சி என்று நசுக்குகிறவர்கள் உண்டு. வேட்டையாடும் நாவாயின் உறிஞ்சுகுழல் குட்டையாக, தடித்து, கொக்கிபோல் வளைந்திருக்கும். சாறு உறிஞ்சுவதன் குழல் மெலிந்து நேராக மார்போடு படிந்திருக்கும். இதை ஒரு படத்தில் கற்றுக்கொண்ட பிள்ளை வாழ்நாள் முழுவதும் மறக்காது, அடுத்த பூச்சிக்கு அதற்குப் போன் வேண்டியதில்லை.

இவர்கள் எல்லாரும் விஞ்ஞானிகள், நம்மைப் போன்ற பொழுதுபோக்கு ஆர்வலர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று இங்கே ஒரு குரல் கேட்கும். அதற்குப் பதில் ஸ்டீவன் கார்பெட். புலிகளோடு சேர்த்துப் பேசப்படும் ஜிம் கார்பெட் வேறு. இவர் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்த வேதியியலாளர். பூச்சியியல் அவருடைய உத்தியோகம் இல்லை. ஓய்வு நேரத்தில் வண்ணத்துப்பூச்சி சேகரித்தவர், கோலாலம்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெண்டில்பரியோடு சேர்ந்து 1934இல் மலாய்த் தீபகற்பத்தின் வண்ணத்துப்பூச்சிகள் பற்றிய நூலை வெளியிட்டார். அந்நூலின் ஐந்தாம் பதிப்பை மலேசிய இயற்கைக் கழகம் 2020இல் கொண்டுவந்திருக்கிறது. ஓர் ஆர்வலரின் கை தொடங்கியது எண்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகும் அத்துறையின் அடிப்படை நூல்.

கார்பெட் செய்த இன்னொரு காரியம் இந்த விவாதத்தின் நடுவிலேயே வந்து நிற்கிறது. தன் சேகரிப்பில் எந்த இனம் எத்தனை முறை கிடைத்தது என்று கணக்கெடுத்து, புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷரிடம் கொடுத்தார். 1943இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. மொத்தம் 620 இனங்கள். அவற்றில் 118 இனங்கள் ஒரே ஒருமுறைதான் கிடைத்திருந்தன, 74 இனங்கள் இருமுறை, 44 இனங்கள் மும்முறை. வெப்பமண்டலப் பூச்சி உலகின் வடிவமே இதுதான். சில இனங்கள் எங்கும் இருக்கும், மிகப் பல இனங்கள் எப்போதாவது ஒன்று கண்ணில் படும். இப்போது செயலியை நினைத்துப் பாருங்கள். ஓர் இனத்தின் படங்கள் ஏறத்தாழ நூறு சேர்ந்த பிறகே ஐநேச்சுரலிஸ்டின் கணினி அந்த இனத்தைக் கற்கத் தொடங்குகிறது. கற்காத இனத்தின் பெயரை அதனால் சொல்லவே முடியாது, தெரிந்தவற்றில் நெருக்கமானதைத்தான் எடுத்துக் காட்டும். வண்ணத்துப்பூச்சிகளுக்காவது படங்கள் குவிந்திருக்கின்றன. அந்துப்பூச்சிகள், சிறுவண்டுகள், ஒட்டுண்ணிக் குளவிகள், ஈக்கள் ஆகியவற்றில், எப்போதாவது கண்ணில் படும் இனங்களின் இந்த நீண்ட வால் முழுவதும் இருட்டுதான். செம்பனை வரிசைகளுக்கிடையே நடக்கும் ஒருவர் பார்ப்பதில் பெரும்பகுதி அந்த வாலைச் சேர்ந்தது.

செயலி தானாகத் திருத்திக்கொள்ளும், பலர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பெயர் உறுதியாகிறது என்று பதில் வரும். உண்மைதான். ஆனால் அந்தப் பலர் யார்? ஒரு பரிந்துரையை மறுத்து, இது அதுவல்ல, பின்சிறகின் அடிப்புறத்தைப் பாருங்கள் என்று எழுதக்கூடியவர் எங்கிருந்தோ அதைக் கற்றிருக்க வேண்டும். அவர் கற்றது நூல்களிலிருந்தும், நூலெழுதியவர்கள் பயன்படுத்திய பிரிப்பு அட்டவணைகளிலிருந்தும்தான். எல்லாரும் கணினி சொன்னதற்கே தலையாட்டினால், தலையாட்டியதையே கணினி மறுபடி பாடமாகப் படிக்கும். புத்தகம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே செயலியை நம்புகிறவர்கள், யாரோ முகம் தெரியாத ஒருவர் தமக்காகப் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் வாழ்கிறார்கள். அந்த ஒருவர் ஏன் உலு சிலாங்கூரில் இருக்கக்கூடாது? ஏன் ஒரு தமிழ்ப்பள்ளி மாணவியாக இருக்கக்கூடாது?

நூல்களெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன, விலையும் எடையும் அதிகம் என்ற ஆட்சேபம் நியாயமானது. எதிர்த்தரப்பில் நான் மதிக்கும் ஒரே வாதம் இதுதான். கார்பெட்–பெண்டில்பரி நூல் களத்துக்குத் தூக்கிப்போகும் நூலும் இல்லை. ஆனால் இந்த வாதம் போய்ச் சேரவேண்டிய இடம், நம் மொழியில், நம் இடத்துக்கென்று ஒரு கையேடு வேண்டும் என்பது. புத்தகமே வேண்டாம் என்பதில் அது எப்படி முடிகிறது என்று எனக்குப் புரியவில்லை. தமிழ்நாட்டில் க்ரியா பதிப்பகம் பறவைகளுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் அறிமுகக் கையேடுகள் வெளியிட்டிருக்கிறது. தமிழில் இது முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆனால் அவற்றை அப்படியே இறக்குமதி செய்தாலும் போதாது. எலிம்னியஸ் பேரினத்து வண்ணத்துப்பூச்சி தமிழ்நாட்டிலும் உண்டு, இங்கும் உண்டு. அதன் புழு தென்னை, செம்பனை ஓலைகளைத் தின்று வளரும். தமிழ்நாட்டில் பெண்பூச்சி செம்மஞ்சளாக இருக்கும். பறவைகள் தொட அஞ்சும் வெந்தய வரியன் போன்றவற்றின் வேடம் அது. புக்கிட் பெருந்துங்கில் அதே பேரினத்தைச் சேர்ந்த ஹைபெர்ம்னெஸ்ட்ராவின் பெண் கருநிறத்தில், ஓரங்களில் நீலம் படர்ந்து, இங்கே மிகுந்திருக்கும் யூப்ளியா வண்ணத்துப்பூச்சிகளின் வேடத்தில் பறக்கும். கோயம்புத்தூரில் வாங்கிய கையேட்டை வைத்துத் தேடும் பிள்ளைக்கு இந்தப் பெண்ணைக் கண்டுபிடிக்கவே முடியாது. இந்த ஊருக்கென்று எழுதிய நூல் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு பூச்சி போதும். பெரிய நூலாக இருக்க வேண்டியதில்லை. செம்பனை, ரப்பர், வாய்க்கால், தாமான் விளக்குக் கம்பம் ஆகியவற்றில் அடிக்கடி காணும் நூறு பூச்சிகள். ஒவ்வொன்றோடும் அதைப்போல் தோன்றும் மற்றொன்று, பிரிக்கும் இடத்தில் ஒரு கோடு, புழு தின்னும் செடி, தோட்டத்தில் அதற்கு வழங்கும் பெயர். இந்நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பள்ளிக்கு ஐந்து பிரதி என்று வைத்தாலே அச்சுக்குத் தேவையான எண்ணிக்கை தேறிவிடும்.

கடைசியாக, புத்தகம் செய்யும் ஒரு வேலையைச் செயலியின் ரசிகர்கள் கவனிப்பதே இல்லை. எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அது சொல்லிக்கொடுக்கும். கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் ஒரே தாளத்தில் மினுங்கும் மின்மினிகள் பெரும்பாலும் டெரோப்டிக்ஸ் டெனெர். ஆண்பூச்சிகள் விநாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை சேர்ந்து ஒளிரும். அதே பேரினத்தைச் சேர்ந்த டெரோப்டிக்ஸ் வாலிடா, மலாக்கே, பெயர்னி ஆகியவையும் தீபகற்பத்தின் சதுப்புக் கரைகளில் வாழ்கின்றன. அரை அங்குலம்கூட இல்லாத இந்தப் பூச்சிகளில் ஆணின் சிறகுறை நுனி எப்படி மடிந்திருக்கிறது, வயிற்றின் கடைசிக் கண்டம் எப்படியிருக்கிறது என்று உருப்பெருக்கியில் பார்த்தால்தான் இனம் பிரியும். பெண்ணுக்கு அந்த மடிப்பே கிடையாது. படகிலிருந்து ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பது மின்மினிகளுக்குத் தொல்லை, படகோட்டிகளும் அனுமதிப்பதில்லை. ஆகவே செயலிக்குக் கொடுக்கப் படமே இல்லை. நல்ல கையேடு இங்கே நேர்மையாகச் சொல்லும்: மரத்தைக் குறித்துக்கொள், ஒளியின் தாளத்தைக் குறித்துக்கொள், பெண்பூச்சி என்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொள். 2010இல் அனைத்துலக மின்மினி ஆய்வாளர்கள் இதே சிலாங்கூரில் கூடிப் பாதுகாப்புப் பிரகடனம் வெளியிட்டார்கள். அந்தப் பாதுகாப்புக்கு ஆற்றங்கரையின் எந்த மரத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு மின்மினி என்ற குறிப்புகள் ஆண்டுக்கணக்கில் தேவை. "டெரோப்டிக்ஸ், பெண், இனம் தெரியவில்லை" என்று தேதியோடும் மரத்தோடும் இடத்தோடும் எழுதப்பட்ட ஒரு வரியை ஆய்வாளர் எடுத்துப் பயன்படுத்த முடியும். நிச்சயத்தோடு எழுதிய தவறான இனப்பெயரை வைத்துக்கொண்டு அவர் செய்யக்கூடியது, முழுப் பதிவையும் ஒதுக்கிவைப்பது ஒன்றுதான்.